எடை மேடையில் வந்த பழைய எடை: கெர்னலில் நினைவகத் தடுப்புகளை இடும் முறை

செங்கோட்டையிலிருந்து புளியரை நோக்கிச் செல்லும் சாலையில் ஓர் எடை மேடை இருக்கிறது. காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் லாரிகள் அங்கே நின்று எடைச் சீட்டு வாங்கிக்கொண்டு சோதனைச் சாவடிக்குச் செல்லும். அந்த மேடையிலிருந்து வரும் எடையைப் படித்துத் திரையில் காட்டும் சிறு கணினிக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடிச் சாதனத்தைக் கையாளும் டிரைவர் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். என் லேப்டாப்பில் பல நாள் ஓடவிட்டுப் பார்த்தபோது பிழை எதுவும் தென்படவில்லை. ஆனால் மேடையில் பொருத்தியிருந்த நான்கு கோர் (தனித்தனியே ஓடும் கணக்கிடும் பகுதி) கொண்ட ஆர்ம் பிராசசர் பலகையில் எப்போதாவது ஒருமுறை ஒரு வண்டிக்கு வேறொரு வண்டியின் எடை விழுந்தது. "சார், முன்ன போன வண்டியோட எடைதான் திரும்ப வருது" என்று மேடையில் இருப்பவர் தொலைபேசியில் சொன்னபோது முதலில் கம்பி இணைப்பையே சந்தேகித்தேன். தவறான சீட்டுடன் சாவடியில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர் என்பதால் இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியவில்லை. தேடிப் பார்த்ததில் கம்பியிலும் உணரியிலும் குறை இல்லை. குறை என் டிரைவரில் இருந்தது. அதைச் சரிசெய்யும்போது கற்றவற்றை, பல பிராசசர்கள் ஒன்றாக ஓடும் கெர்னலில் நிரல் எழுதுகிறவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

திருத்தத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து தொடப்படும் ஒவ்வொரு மாறியையும் அதில் எழுதுங்கள். அதை எழுதுவது எது, வாசிப்பது எது, அவை சாதாரணப் பிராசசில் நடக்கின்றனவா, இன்டரப்டில், அதாவது சாதனம் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் நிரலில், நடக்கின்றனவா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். என் தாளில் மூன்று மாறிகள் இருந்தன: எடை, அந்த எடை வந்துவிட்டது என்று காட்டும் தயார், அன்றைக்கு வந்த வண்டிகளின் எண்ணிக்கை. இந்தத் தாள் இல்லாமல் நிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுத்துவிடுவோம்.

முதல் நோய், இரண்டு கோர்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றுவது. எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு என்பது நிரலில் ஒரே வரி. பிராசசருக்கு அது படித்தல், கூட்டுதல், எழுதுதல் என்ற மூன்று வேலை. இரண்டு கோர்களும் 41 என்று படித்து, இரண்டும் 42 என்று எழுதினால் ஒரு வண்டி கணக்கிலிருந்தே மறைந்துவிடும். இதற்கு எத்தனை நினைவகத் தடுப்புகளை, அதாவது நினைவகத்தில் எழுதுவதும் வாசிப்பதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளைகளை, இட்டாலும் பயனில்லை, ஏனெனில் தடுப்பு வரிசையைக் காக்குமே தவிர இரண்டு பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடாமல் நிறுத்தாது. இங்கே வேண்டியது பூட்டு, அல்லது பிரிக்க முடியாத அட்டாமிக் கூட்டல். இவ்வகைப் போட்டி நிலை எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதற்கு, லினக்ஸில் 2007 முதல் கிடந்து 2016 அக்டோபரில் திருத்தப்பட்ட டர்ட்டி கவ் என்னும் பாதுகாப்பு ஓட்டை சான்று.

பூட்டைப் பயன்படுத்த முடிகிற இடத்தில் பூட்டையே பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஸ்பின்லாக் என்பது, கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு. அதைப் பிடிப்பதும் விடுவதும் தேவையான வரிசையையும் சேர்த்தே தருகின்றன. பூட்டுக்குள் எழுதியவை அனைத்தும், அதே பூட்டை அடுத்துப் பிடிப்பவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இன்டரப்டிலும் அதே பூட்டைப் பிடிப்பதாக இருந்தால், பிராசஸ் பக்கத்தில், இன்டரப்டை நிறுத்திவிட்டுப் பூட்டைப் பிடிக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் என்பதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் பூட்டைப் பிடித்திருக்கும் கோரிலேயே இன்டரப்ட் வந்து, அதே பூட்டுக்காக முடிவின்றிக் காத்து நின்றுவிடும். 2006இல் 2.6.18 பதிப்பில் வந்த லாக்டெப் என்னும் பூட்டுச் சோதனைக் கருவி இந்தத் தவறு உண்மையில் நிகழும் முன்பே எச்சரித்துவிடும். சோதனைக் கெர்னலில் அதை எப்போதும் இயக்கி வையுங்கள்.

என் பிழை இரண்டாவது நோய். இன்டரப்ட் பக்கமும் வாசிக்கும் பக்கமும் இப்படி இருந்தன:

எடை = புதிய_எடை;
தயார் = 1;

தயார் 1 எனில்
    காட்டு(எடை);

ஒவ்வொரு மாறியையும் ஒரு பக்கம்தான் எழுதுகிறது. எடையை எழுதிய பிறகே தயார் 1 ஆகிறது. அப்படியிருந்தும் பழைய எடை எப்படி வந்தது? புளியரை எஸ் வளைவில் போக்குவரத்து நெருக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். செங்கோட்டையிலிருந்து முதலில் சரக்கு லாரி புறப்படுகிறது. அதன் பின்னால் பில்லை எடுத்துக்கொண்டு ஒருவர் பைக்கில் புறப்படுகிறார். வளைவில் லாரி நிற்க, பைக் முந்திப் போய்ப் புனலூர் வியாபாரியின் கையில் பில்லைக் கொடுத்துவிடுகிறது. பில் வந்துவிட்டதே என்று அவர் கிடங்கைத் திறந்தால் நேற்றைய சரக்குதான் இருக்கும். புறப்பட்ட வரிசையே போய்ச் சேரும் வரிசையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கணினியில் இந்த முந்துதல் இரண்டு இடங்களில் நடக்கிறது. நிரலைப் பிராசசரின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், இந்த இரண்டு வரிகளுக்குள் தொடர்பு இல்லை என்று கண்டால் இடம் மாற்றி வைக்கலாம். தயார் மாறும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் சுழற்சியில் அதை ஒரே ஒருமுறை படித்துவிட்டு முடிவின்றிச் சுற்றவும் விடலாம். அடுத்தது பிராசசர். ஒவ்வொரு கோரும் தான் எழுதுவதை முதலில் ஸ்டோர் பஃபர் என்னும் சிறு இடத்தில் வைக்கிறது. கணக்கர் துண்டுச் சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவதைப் போல. பேரேட்டில் ஏறும்வரை மற்றவர்களுக்கு அது தெரியாது. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் எழுதியவை எழுதிய வரிசையிலேயே வெளியே தெரியும். படிப்பவையும் வரிசை மாறியதாகத் தெரியாது. ஓர் எழுத்துக்கு (நினைவகத்தில் எழுதும் செயலுக்கு)ப் பின் வரும் வேறிடத்து வாசிப்பு மட்டும் அந்த எழுத்தை முந்தலாம். ஆர்ம், பவர் வகைப் பிராசசர்களில் ஒன்றையொன்று சாராத எழுத்துகளும் வாசிப்புகளும் எப்படியும் முந்தலாம். என் லேப்டாப்பில் பிழை வராததற்கும் பலகையில் வந்ததற்கும் இதுவே காரணம். ஆர்மிலும் ஓடப்போகும் நிரலை லேப்டாப்பில் மட்டும் சோதித்துவிட்டு நம்பக்கூடாது.

காரணம் புரிந்தவுடன் நான் செய்ததும் அரைகுறைதான். எழுதும் பக்கத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே எஸ்எம்பி_டபிள்யூஎம்பி என்ற எழுத்துத் தடுப்பை இட்டேன். சில நாள் அமைதியாக இருந்தது. பிறகு மீண்டும் பழைய எடை வந்தது. வாசிக்கும் பக்கத்தில் "தயார் 1 எனில்" என்ற நிபந்தனை இருக்கிறதே, அதைத் தாண்டி எடையை எப்படி முன்கூட்டியே படிக்க முடியும் என்று நான் நினைத்திருந்தேன். பிராசசர் நிபந்தனையின் முடிவை ஊகித்து, எடையை முன்னதாகவே படித்து வைத்துக்கொள்கிறது. பிறகு தயார் உண்மையிலேயே 1 என்று தெரிந்ததும், ஊகம் சரி என்று அந்தப் பழைய எடையையே பயன்படுத்துகிறது. பில் வந்தபின் கிடங்கைத் திறக்காமல், காலையில் எண்ணி வைத்த கணக்கைப் பார்த்துப் பேசும் வியாபாரி போல. நிபந்தனை தனக்குப் பின் வரும் எழுத்துகளைத் தடுத்து வைக்கும், வாசிப்புகளைத் தடுக்காது.

ஆகவே மனத்தில் ஆணியடித்து வைத்துக்கொள்ள வேண்டியது இது: நினைவகத் தடுப்பு எப்போதும் இணையாக வரும். ஒரு பக்கத்தில் மட்டும் இட்ட தடுப்பு, ஒரு கரையில் மட்டும் கட்டிய பாலம். தடுப்பு ஒன்றை எழுதும்போதே, மறுபக்கத்தில் எந்தச் செயற்கூற்றின் எந்த வரி இதற்கு இணை என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தத் தடுப்பு வேலை செய்யாது. சரியான வடிவம் இது:

எடை = புதிய_எடை;
எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ்(&தயார், 1);

எஸ்எம்பி_லோட்_அக்வயர்(&தயார்) 1 எனில்
    காட்டு(எடை);

ரிலீஸ் என்பது, தனக்கு முன் செய்த எதுவும் தன்னைத் தாண்டிப் பின்னால் போகாதபடி பார்த்துக்கொள்ளும் எழுத்து. அக்வயர் என்பது, தனக்குப் பின் வரும் எதுவும் தன்னைத் தாண்டி முன்னால் வராதபடி பார்த்துக்கொள்ளும் வாசிப்பு. 64 பிட் ஆர்மில் இவை எஸ்டிஎல்ஆர், எல்டிஏஆர் வகைக் கட்டளைகளாக மாறுகின்றன. இன்டெலில் சாதாரண எழுத்தாகவும் வாசிப்பாகவுமே இருந்து, கம்பைலரை மட்டும் கட்டுப்படுத்துகின்றன. தனித் தடுப்புகளைவிட இவற்றையே நான் விரும்புகிறேன், ஏனெனில் எந்த மாறி வழியாகச் செய்தி கைமாறுகிறது என்பது நிரலைப் படித்தவுடன் தெரிகிறது. வாலட்டைல் என்று மாறியை அறிவித்தால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. அது கம்பைலரை மட்டுமே நிறுத்தும். ஆர்ம் பிராசசருக்கு எந்தத் தடையும் விதிக்காது.

அடுத்த வண்டி வரும்போது என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். வாசித்து முடித்தவர் தயாரை மீண்டும் 0 ஆக்குவதும் ரிலீஸ் எழுத்தாக இருக்க வேண்டும். இன்டரப்ட் புதிய எடையை எழுதும் முன் தயார் 0 ஆகிவிட்டதா என்று அக்வயர் வாசிப்பால் பார்க்க வேண்டும். இப்போது இரண்டு திசையிலும் இணை பொருந்துகிறது. எழுதுபவர் காத்திருக்க முடியாமல் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருப்பவர் என்றால் இந்த முறை உதவாது. அங்கே சீக்லாக் பொருத்தமானது. வாசிப்பவர் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வரிசை எண்ணைப் பார்த்து, நடுவில் மாறியிருந்தால் மீண்டும் வாசிப்பார்.

இன்னோர் இடத்தில் ரிலீசும் அக்வயரும் போதா. வாசிக்கும் பிராசஸ் "நான் உறங்கப் போகிறேன்" என்று எழுதிவிட்டுத் தயாரைப் பார்க்கிறது. இன்டரப்ட் தயாரை 1 ஆக்கிவிட்டு, யாராவது உறங்குகிறார்களா என்று பார்க்கிறது. இரண்டின் எழுத்தும் ஸ்டோர் பஃபரில் இருக்கும்போதே இரண்டின் வாசிப்பும் நடந்துவிட்டால், ஒருவர் உறங்கிவிடுவார், எழுப்ப வேண்டியவர் யாரும் இல்லை என்று போய்விடுவார். இது இன்டெலிலும் நடக்கும். இரு பக்கமும் எழுத்துக்கும் வாசிப்புக்கும் நடுவே எஸ்எம்பி_எம்பி என்ற முழுத் தடுப்பு வேண்டும். பிராசசின் நிலையை மாற்றும் கெர்னலின் செட்_கரண்ட்_ஸ்டேட்டுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. வெயிட்_ஈவென்ட்டைப் பயன்படுத்தினால் காத்திருக்கும் பக்கத்தை நீங்களே கட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுப்பும் பக்கத்தில் யாராவது காத்திருக்கிறார்களா என்று வெயிட்கியூ_ஆக்டிவ் மூலம் பார்த்துவிட்டு எழுப்புகிறவர்கள், அதற்கு முன் முழுத் தடுப்பைத் தாமே இட வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது.

அட்டாமிக் செயல்களிலும் ஏமாறலாம். லினக்ஸில் அட்டாமிக்_இன்க் எண்ணிக்கையைச் சரியாகக் கூட்டும். மற்ற மாறிகளின் வரிசைக்கு எந்த உறுதியும் தராது. மதிப்பைத் திருப்பித் தரும் அட்டாமிக்_இன்க்_ரிட்டர்ன் முழு வரிசையையும் தருகிறது.

சாதனத்துடன் நேரடியாகப் பேசும் டிரைவர்களில், எஸ்எம்பி என்று தொடங்கும் தடுப்புகளை நம்பக்கூடாது. ஒற்றைப் பிராசசர் கெர்னலில் அவை கம்பைலர் தடுப்பாகச் சுருங்கிவிடும், சாதனமோ அப்போதும் எதிரே இருக்கும். டிஎம்ஏ (சாதனம் தானே நினைவகத்தைப் படித்து எழுதும் முறை) விவரக்குறிப்பை நிரப்பி அதன் உரிமையைச் சாதனத்துக்கு மாற்றும் முன் டிஎம்ஏ_டபிள்யூஎம்பி இடுங்கள். சாதனத்துக்கு எழுதப் பயன்படும் ரைட்எல் தனக்கு முந்தைய நினைவக எழுத்துகளை வரிசையில் வைத்திருக்கும், ரைட்எல்_ரிலாக்ஸ்டு வைத்திருக்காது.

சோதனையில், பிழை வரவில்லை என்பது பிழை இல்லை என்பதற்குச் சான்றாகாது. எந்த வரிசை மாற்றங்கள் நடக்கலாம் என்று வரையறுக்கும் லினக்ஸ் நினைவக மாதிரி 2018இல் 4.17 பதிப்பில் கெர்னல் மூலத்திலேயே சேர்ந்தது. டூல்ஸ் அடைவுக்குள் மெமரி-மாடல் என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் இரு பக்க நிரலையும் ஏழெட்டு வரிகளில் சுருக்கி லிட்மஸ் கோப்பாக எழுதி ஹெர்டு7 கருவியிடம் கொடுத்தால், தயார் 1, எடை பழையது என்ற முடிவு சாத்தியமா என்று எல்லா வழிகளையும் பார்த்துச் சொல்லும். என் முதல் வடிவத்துக்குச் சம்டைம்ஸ் என்றும், எழுத்துத் தடுப்பு மட்டும் இட்ட வடிவத்துக்கும் சம்டைம்ஸ் என்றும், ரிலீஸ்-அக்வயர் வடிவத்துக்கு நெவர் என்றும் பதில் வரும். இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டாவது முறை மேடைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. கம்பைலரைக் கட்டுப்படுத்தி வாசிக்கவும் எழுதவும் உள்ள ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் இல்லாமல் தயாரை வெறுமனே தொட்டிருக்கும் இடங்களைக் கண்டுபிடிக்க, 2020இல் 5.8 பதிப்பில் வந்த கேசிசான் கருவி உதவும். அது வேகத்தை வெகுவாகக் குறைக்கும் என்பதால் சோதனைப் பலகையில் மட்டும் இயக்குங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு தடுப்பின் மேலும் ஒரு குறிப்பு எழுதுங்கள். குறிப்பில்லாத தடுப்பைக் கண்டால் கெர்னலின் செக்பேட்ச் கருவியே எச்சரிக்கிறது. "நினைவகத் தடுப்பு" என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை, என் டிரைவரில் இப்போது இருப்பது இது: "எடை முழுதும் எழுதப்பட்ட பின்பே தயார் வெளியே தெரிய வேண்டும், இதன் இணை, எடை_வாசி செயற்கூற்றில் உள்ள அக்வயர் வாசிப்பு." எடை_வாசியில் அந்த வரியின் மேல் இதைத் திருப்பிச் சுட்டும் குறிப்பு இருக்கிறது. ஒன்றைத் திருத்த வருபவர் மற்றதையும் திறந்து பார்த்தாக வேண்டும்.