வெயிலில் உறைந்த வேப்பரைசர்: என் அனுபவம்

என் பழைய கார்புரேட்டர் வேன் பெட்ரோலில் நன்றாக ஓடும், எல்பிஜி கேஸுக்கு மாற்றினால் 2 கிலோமீட்டரில் திணறி நின்றுவிடும். பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். ஒருநாள் மே மாத வெயிலில் நின்ற கையோடு சீட்டைத் தூக்கிப் பார்த்தால், வேப்பரைசர் (திரவ கேஸை ஆவியாக்கி இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) மேல் குல்ஃபி டப்பா மாதிரி வெள்ளையாகப் பனி!

திரவ கேஸ் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும் (புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு), அதனால்தான் இன்ஜினின் வெந்நீரை அதற்குள் சுற்ற விடுகிறார்கள். இன்ஜின் கொதித்தது, வெந்நீரை வேப்பரைசருக்குக் கொண்டுபோகும் ஹோஸ் மட்டும் சில்லென்று இருந்தது. ஆறியபின் கழற்றினால் துருச்சேறு. கழுவி, கூலன்ட் நிரப்பி, காற்று வெளியேறும்வரை ஓடவிட்டேன், சரியாகிவிட்டது. அப்புறம், பெட்ரோலிலிருந்து மாற்றும்போது சுவிட்சை நடுவில் (பெட்ரோல், கேஸ் இரண்டும் நிற்கும் நிலை) வைத்து, கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் லேசாகத் தடுமாறும்போதுதான் கேஸுக்குத் தட்டுகிறேன்.