நம் பேட்டையின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

சென்னையின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் 1639-இல் தொடங்கிப் புனித ஜார்ஜ் கோட்டையைச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள். திருவொற்றியூரும் மயிலாப்பூரும் பல்லாவரமும் கோட்டைக்கு மிக முந்தியவை. அந்தந்தப் பகுதி மக்களே ஒரு சிறு குழுவாகச் சேர்ந்தால்தான் அவற்றின் வரலாறு முறையாகப் பதிவாகும்.

தொடங்குவதற்கு நான்கைந்து பேர் போதும். அவர்களில் ஒருவராவது அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர்களும் வரவு செலவும் பெருகும்போது அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வேலை, முதியவர்களிடம் பேசிப் பதிவு செய்வது. ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த ஆண்டும் போகலாம். எண்பது வயதைக் கடந்தவரின் நினைவை அப்படித் தள்ளிவைக்க முடியாது. அவர்களுடைய ஒப்புதலைப் பெற்று, கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்யுங்கள். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் பொதுவான பெருமூச்சுதான் பதிலாக வரும். குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, ஏரியில் எந்த மாதம் வரை நீர் நின்றது, நெசவுத் தறி எந்த வீடுகளில் இருந்தது, பள்ளிக்கு எந்த வழியாக நடந்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டு நினைவுக்கு வராதபோது, அண்ணா மறைந்த 1969-க்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். மறைந்த 1987-இல் அந்தக் கட்டடம் இருந்ததா என்று, அவர்களால் மறக்க முடியாத நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் கேட்டால் காலம் ஓரளவு தெளிவாகும். சொன்னவர் யார், அன்று அவருக்கு என்ன வயது, தாமே கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா என்பவற்றை ஒவ்வொரு பதிவிலும் எழுதி வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத பதிவைப் பிறகு எவராலும் நம்பிப் பயன்படுத்த முடியாது.

அடுத்தது, தெருத்தெருவாக நடந்து பதிவு செய்வது. பழைய எண், புதிய எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களில் பழைய எண்தான் இருக்கும். தெருப்பெயர்களும் மாறியிருப்பதால் முந்தைய பெயரையும் கேட்டு எழுதுங்கள். சைதாப்பேட்டையில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726-இல் கட்டிய மர்மலாங் பாலம் இன்று இல்லை; அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. ஆனால், பழைய பாலத்தின் கல்வெட்டு எஞ்சியிருக்கிறது. நாள்தோறும் அவ்வழியே போகிறவர்களில் பலர் அதைப் பார்த்ததில்லை.

கல்வெட்டு கிடைத்தால் அதன்மேல் எண்ணெய், சுண்ணாம்பு, மாவு எதையும் பூசாதீர்கள். மாலையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும். மைப்படி (கல்லின்மேல் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுப்பது) எடுப்பதைப் பயிற்சி பெற்ற கல்வெட்டியலாளரிடம் விட்டுவிடுங்கள். கோயிலில் திருப்பணி தொடங்கப்போவதாகத் தெரிந்தால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, அனுமதி பெற்று அங்குள்ள எழுத்துகள் அனைத்தையும் படமெடுத்துவிடுங்கள். வண்ணப்பூச்சுக்கும் மணல் வீச்சுக்கும் பறிபோன எழுத்துகளை மீட்க வழியே இல்லை என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவும் கையில் வந்தபின் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றுக்குச் செல்லலாம். எந்த மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். சைதாப்பேட்டை 1946 வரை சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்தது. ஆகவே அதன் பழைய வருவாய் ஆவணங்களைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். அவ்வாவணங்களில் பசலி ஆண்டு, அதாவது நில வருவாய்க் கணக்குக்கான ஆண்டு, வரும். அதனுடன் 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், வேறொரு சான்றுடன் ஒப்பிடாமல் ஆண்டை முடிவு செய்யாதீர்கள்.

திரட்டியதைப் பகுதி மக்களுக்குக் காட்ட, ஆகஸ்ட் 22 சென்னை நாளையொட்டி ஒரு காலை நடை ஏற்பாடு செய்யலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். தகவல் தந்த முதியவர்களில் வர இயலுபவர்களை அவரவர் தெருவில் பேச அழையுங்கள். பதிவுகளின் படியை இரண்டு வன்தட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வைத்து, அச்சுப்படி ஒன்றை அருகிலுள்ள கிளை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.