மாசியில் சைக்கிளைத் தூசி தட்டுகிறீர்களா?

மார்கழிப் பனிக்குப் பயந்து சாத்தி வைத்த சைக்கிளுக்குக் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நம்ம கோவைப் பக்கத்து இட்டேரிகளில் (இருபக்கமும் வேலி உள்ள மண்தடங்களில்) வேலிமுள்ளும் நெருஞ்சியும்தான் முதல் எதிரி. போன வாரம் பஞ்சர் ஒட்டி நூறு அடி போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிட்டது. டயரின் உள்பக்கம் பழைய துணியை ஓட்டிப் பார்த்தால், கடுகளவு முள்நுனி துணியில் சிக்கி நிற்கிறது! வெறும் விரலால் தடவாதீர்கள், குத்திவிடும்.

செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மிச்சத்தையும் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செம்மண் அப்பிக்கொள்ளும். பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

அப்புறம், எடுத்த எடுப்பில் மருதமலை ஏற்றம் வேண்டாம். பேரூர், மாதம்பட்டி வரை இரண்டு வாரம் ஓட்டிப் பழகுங்கள். ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஒன்பதுக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கிறது.