நாலு சட்டத்தையும் பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்லித் தர்றது எப்படி

சர்ச் மறைக்கல்வி கிளாஸ்ல பெரிய பசங்களுக்கு ஒழுக்கம் பத்தி எடுக்கறவங்களுக்காக எழுதறேன். கத்தோலிக்க இறையியலாளர் புனித தோமா அக்குவினா 13ஆம் நூற்றாண்டுல பிரிச்சு வச்ச நித்திய சட்டம், இயற்கைச் சட்டம், மனிதச் சட்டம், இறைச்சட்டம்னு நாலையும் போர்டுல எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னா ஒருத்தர் மண்டையிலயும் நிக்காது. ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அதுலயே நாலையும் காட்டுங்க. கிருஷ்ணகிரி பக்கம்னா மாங்காயே போதும், தோப்பு மண்டின்னு நிறைய பேர் வீட்டுக்கு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும்.

கேள்வி இதான். சீசன் ஆரம்பம், ரேட்டு நல்லா இருக்கு, காய் இன்னும் பழுக்கல. கார்பைட் கல்லை பேப்பர்ல பொட்டலம் கட்டி கூடைக்குள்ள சொருகினா சீக்கிரமே மஞ்சளாயிடும். வைக்கலாமா?

மனிதச் சட்டத்துல ஆரம்பிங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது அதான். உணவுப் பாதுகாப்பு விதிகள்ல கார்பைடுக்குத் தடை, பழுக்க வைக்க எத்திலீன் கேஸ் மட்டும் 100 பிபிஎம் (பத்து லட்சத்துல நூறு பங்கு) வரைக்கும் விடலாம். சரி, தடையே இல்லன்னா வைக்கலாமான்னு கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க. கொஞ்ச நேரத்துல யாராவது ஒருத்தர் அந்தக் கல்லுல ஆர்சனிக் விஷம் கலந்திருக்குமே, திங்கறவங்க உடம்பு என்னாகும்னு கேப்பாங்க. அதான் இயற்கைச் சட்டம். நல்லதைச் செய், கெட்டதை விடுன்னு அறிவே சொல்றது, பைபிளே படிக்காதவங்களுக்கும் அது இதயத்துல எழுதியிருக்குன்னு பவுல் உரோமையர் 2:15ல சொல்றாரே அதேதான்.

இந்த இடத்துல அவசரப்படாதீங்க, பாடமே இங்கதான் இருக்கு. மனிதச் சட்டம் இயற்கைச் சட்டத்துல இருந்து ரெண்டு விதமா வருதுன்னு அக்குவினா சொல்றார். அடுத்தவங்களுக்கு விஷம் கொடுக்காதங்கறது நேரடியா வர்ற முடிவு, அது எந்த ஊர்லயும் மாறாது. 100 பிபிஎம்ங்கறது அதை நடைமுறைக்குக் கொண்டு வர மனுஷங்க நிர்ணயிச்ச அளவு, நாளைக்கு மாறலாம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா எல்லாச் சட்டமும் ஒண்ணுதான்னு யாரும் குழம்ப மாட்டாங்க.

இறைச்சட்டம் எதுக்குன்னு அடுத்து கேப்பாங்க. ஆபீசர் ரெய்டு வருவார்னு பயந்து கார்பைட் வைக்காதவரும், வாங்கற குழந்தையை நெனச்சு வைக்காதவரும் மனிதச் சட்டத்துக்கு ஒண்ணுதான், உள்மனசை அதால பாக்க முடியாது. பத்துக் கட்டளையும் இயேசுவோட மலைப்பொழிவும் அந்த உள்ள வரைக்கும் போகுது. நித்திய சட்டத்தைக் கடைசியா சொல்லுங்க, படைப்பு முழுசையும் கடவுள் நடத்தற ஞானம் அது, மத்த மூணுக்கும் வேர் அங்கதான்.

அநியாயச் சட்டத்தைத் தனியா ஒரு வாரம் வைங்க. பொதுநன்மைக்கு விரோதமான சட்டம் மனசாட்சியைக் கட்டாதுன்னு அக்குவினா சொல்றார். அமெரிக்காவுல கறுப்பின மக்களோட உரிமைக்குப் போராடின மார்ட்டின் லூதர் கிங்கும் 1963ல பர்மிங்காம் ஜெயில்ல இருந்து எழுதின கடிதத்துல, நித்திய சட்டத்துலயும் இயற்கைச் சட்டத்துலயும் வேர் இல்லாத மனிதச் சட்டம் அநியாயச் சட்டம்னு அக்குவினாவை எடுத்துக் காட்டினார். ஆனா எனக்கு இடைஞ்சலா இருக்கற சட்டமெல்லாம் அநியாயச் சட்டம் ஆயிடாது, கார்பைட் தடையால லாபம் குறையுதுன்னு எவனாவது இதைச் சாக்கா எடுத்தா, அந்தத் தடை யாரோட நன்மைக்குன்னு அவனையே சொல்ல வைங்க.