நீரின் அடர்த்தி, விரவல், பாகுநிலை: மூலக்கூறு உருவகப்படுத்தலால் கணிக்கும் முறை

ஒரு பொருளின் பண்பை ஆய்வகத்தில் அளப்பதற்கு முன்பே கணினியில் கணிக்க விரும்புபவர், துல்லியமாக அளக்கப்பட்ட வேறொரு பொருளின் பண்புகளைத் தம் முறை சரியாகத் தருகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். அச்சோதனைக்குத் தூய நீர் மிகவும் ஏற்றது. 25 பாகை செல்சியசில் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 997 கிலோகிராம், பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 0.89 மில்லி பாஸ்கல் விநாடி. தன்விரவல் கெழு, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே எவ்வளவு விரைவாக இடம்மாறிப் பரவுகின்றன என்பதன் அளவு, விநாடிக்கு 2.3 × 10⁻⁹ சதுர மீட்டர். மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிடும், கட்டணமின்றிக் கிடைக்கும் குரோமாக்ஸ், லாம்ப்ஸ் ஆகிய மென்பொருள்களில் எதைக் கொண்டும் இம்மூன்றையும் கணக்கிடலாம்.

விடையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது விசைப்புலம், அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வாறு ஈர்த்து விலக்குகின்றன என்பதைக் குறிக்கும் சமன்பாடுகளும் அவற்றுக்குரிய எண்களும். உயிர்மூலக்கூறு ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் டிப்3பி என்ற நீர் விசைப்புல மாதிரியில் நீர் உண்மையைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் விரவுகிறது. அபாஸ்கலும் வேகாவும் 2005இல் வெளியிட்ட டிப்4பி/2005 மாதிரி நம் மூன்று பண்புகளையும் அளவீட்டுக்கு மிக அருகில் தருவதால் அதையே பரிந்துரைக்கிறேன். ஆயினும் அம்மாதிரியிலும் பனிக்கட்டி 273 கெல்வினில் உருகாமல் ஏறத்தாழ 250 கெல்வினிலேயே உருகிவிடுகிறது. ஆகவே, எந்தப் பண்பு தேவையோ அந்தப் பண்புக்காகச் சோதிக்கப்பட்ட மாதிரியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆயிரம் மூலக்கூறுகளைச் சுமார் 3.1 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பெட்டியில் நிரப்பி, எல்லாத் திசைகளிலும் அதே பெட்டி மீண்டும் மீண்டும் வருமாறு எல்லைகளை அமைத்துக்கொள்ளவும். மூலக்கூறுகளின் வடிவத்தை இறுக்கமாக வைத்தால் 2 ஃபெம்டோ விநாடி காலப்படி (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) போதும். தொலைவில் உள்ள மின்னூட்டங்களின் விசையை வெட்டிவிடாமல், மீண்டும் மீண்டும் வரும் பெட்டிகள் எல்லாவற்றின் பங்கையும் சேர்க்கும் எவால்டு முறையில் கூட்ட வேண்டும். ஆற்றலைக் குறைத்து, வெப்பநிலையை 298 கெல்வினில் நிலைப்படுத்திய பின் அழுத்தத்தை 1 பாரில் வைத்துச் சில நானோ விநாடிகள் ஓட்டினால், பெட்டியின் சராசரிக் கனஅளவிலிருந்து அடர்த்தி கிடைத்துவிடும். கணத்துக்குக் கணம் அழுத்தம் பல நூறு பார் ஏறி இறங்கும். இவ்வளவு சிறிய அமைப்பில் அது இயல்பே என்பதால் சராசரியை மட்டுமே பார்க்க வேண்டும். (ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், 1964இல் வெறும் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டே திரவ ஆர்கானின் விரவல் கெழுவை அளவீட்டுக்கு நெருக்கமாகக் கணக்கிட்டார்.)

விரவலுக்கு, பெட்டியைச் சராசரி அடர்த்தியில் நிலைநிறுத்திவிட்டு, மூலக்கூறுகளின் இடப்பெயர்ச்சி வர்க்கத்தின் சராசரியைக் காலத்துக்கு எதிராக வரையவும். தொடக்கத்தில் வளைந்திருக்கும் பகுதியை விட்டுவிட்டு, நேர்கோட்டுப் பகுதியின் சாய்வை ஆறால் வகுத்தால் கெழு கிடைக்கும். பலரும் இத்துடன் நின்றுவிடுகிறார்கள்; அது போதாது. எல்லைக்கு அப்பாலுள்ள தன் பிம்பங்களின் ஓட்டத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் தடைபடுவதால், சிறிய பெட்டி எப்போதும் குறைவான மதிப்பையே தரும். யேயும் ஹம்மரும் 2004இல் எழுதிய திருத்தத்தின்படி, நம் பெட்டிக்குச் சேர்க்க வேண்டியது விநாடிக்குச் சுமார் 0.23 × 10⁻⁹ சதுர மீட்டர். அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இத்திருத்தத்துக்குப் பாகுநிலையும் தேவைப்படுவதால் அதையும் அதே மாதிரியிலிருந்தே கணக்கிட வேண்டும்.

மூன்றில் மிகுந்த பொறுமையைக் கேட்பது பாகுநிலைதான். கிரீன்–கூபோ முறையில், அழுத்த டென்சரின் (திசைவாரியாக அழுத்தத்தைக் குறிக்கும் எண் அட்டவணையின்) குறுக்குக் கூறுகள் தம் பழைய மதிப்புகளோடு கொண்டுள்ள தொடர்பு எவ்வாறு தேய்கிறது என்பதைக் கணக்கிட்டு, அதைக் காலத்தின்மீது தொகையிடுகிறோம். நீரில் இத்தொடர்பு சில பிக்கோ விநாடிகளிலேயே தேய்ந்துவிடும். அதன்பின் வருவது வெறும் இரைச்சல். தொகை சமதளத்தை எட்டும் இடத்தில் நிறுத்தாமல் மேலும் கூட்டிக்கொண்டே போனால் விடை தறிகெட்டு அலையும். சார்பற்ற ஐந்து கூறுகளையும் பயன்படுத்தி, வெவ்வேறு தொடக்க வேகங்களுடன் பல ஓட்டங்களை நடத்தி, அவற்றின் சிதறலையே பிழை வரம்பாகக் குறிப்பிட வேண்டும். ஏற்ற இறக்கங்களை நசுக்கிவிடும் பெரெண்ட்சென் வெப்பநிலைக் கட்டுப்பாட்டை இங்கே தவிர்த்து, அவற்றை இயல்பாக விடும் நோசே–ஹூவர் முறையைக் கையாளுவது நல்லது.

கிளிசரால் போன்ற திரவத்துக்கு இதே ஓட்ட நேரம் போதாது. 25 பாகையில் அதன் பாகுநிலை நீருடையதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்காக இருப்பதால், தொடர்பு தேய்வதற்குள் ஓட்டமே முடிந்துவிடக்கூடும். அப்போது உயர்ந்த வெப்பநிலைகள் சிலவற்றில் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் அளவீட்டோடு ஒப்பிட்ட பின்னரே கீழ் வெப்பநிலைக்கு இறங்க வேண்டும்.