மதுரைப் பக்கத்துச் சூனியக்காரியைக் கதையில் எழுதுவது எப்படி?

துடைப்பம், கூர்த்தொப்பி, கொதிக்கும் கொப்பரை எல்லாம் ஐரோப்பியக் கதைகளின் சாமான். அவற்றோடு ஒருத்தியை உசிலம்பட்டிக்குக் கூட்டி வந்தால் முதல் பக்கத்திலேயே வாசகர் சிரித்துவிடுவார். மேல்நாட்டுக் கதையே எழுதுவதானால் வரலாற்றையாவது சரியாக வையுங்கள். அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். நம்மாட்கள் 'எரித்தார்கள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே யாரையும் எரிக்கவில்லை.

நம் பக்கத்துச் செய்வினைக் கதைக்கு நான்கு ஆட்கள் வேண்டும்: ஏவுகிறவர், வைக்கிறவள், படுகிறவர், எடுக்கிறவர். எழுத உட்காரும் முன் இந்த நால்வரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏவுகிறவர் பங்காளியாகவோ ஓரகத்தியாகவோ இருக்கட்டும். காரணம் வரப்புத் தகராறு, முறிந்த சம்பந்தம், கண்மாய் மடைத் தண்ணீர் என்று ஊரே அறிந்ததாக இருக்கட்டும். முகம் தெரியாத எதிரி ஏவினால் கதை அங்கேயே படுத்துவிடும். சூனியக்காரி வீட்டுத் திண்ணையில் துட்டோடு வந்து உட்காரும் சொந்தக்காரனைப் பார்த்துத்தான் வாசகர் மிரள வேண்டும்.

கோடாங்கியைச் சூனியம் வைப்பவராக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. உடுக்கடித்துக் குறி சொல்லி, வினை இருக்கிறதா என்று கண்டு சொல்பவர் அவர். எடுக்கிற பக்கத்து ஆள். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது தனி வேலை. எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் ஊர்க்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

3,000 சொல் சிறுகதைக்கு ஒரே ஒரு சடங்கு போதும், அதுவும் 150 சொல்லுக்குள். பொருள் மூன்றைத் தாண்ட வேண்டாம். எலுமிச்சை, செப்புத் தகடு போல இரண்டு கடையில் வாங்கியவை. மூன்றாவது படுகிறவருடையது: காலடி மண், தலைமுடி, கட்டிய துணி. கதையின் அச்சாணி இந்த மூன்றாவதுதான். அதை எடுக்க யாராவது அந்த வீட்டுக்குள் போய், அவர்கள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வர வேண்டுமே! சடங்கைவிட இரண்டு மடங்கு இடம் அந்தத் திருட்டுக்குக் கொடுங்கள்.

மந்திரம் ஒரு வரிகூட வேண்டாம், உதடு அசைந்தால் போதும். பௌர்ணமி நிலாவும் வேண்டாம். அமாவாசை வழக்கமானது; அதைவிட நல்லது உச்சிப்பொழுது. சித்திரை வெயிலில் ஆளில்லாத முச்சந்தியில் ஓர் அறுத்த எலுமிச்சை கிடப்பது எந்த இருட்டையும்விட மிரட்டும். பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

சூனியக்காரியின் பேச்சு கணக்குப் பார்க்கிற பேச்சாக இருக்கட்டும்:

"காலடி மண்ணு கொண்டாந்தியா?"
"இந்தா ஆத்தா."
"யாரு அள்ளுனது?"
"எங்க மதினி."
"அப்ப அவளையும் கூட்டிட்டு வா."

அவளால் முடியாதது எது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். கலிங்கத்துப்பரணியில் இமயத்திலிருந்து வந்த முதுபேய் ஒன்று இந்திரசாலம் காட்டுகிறது. பசித்த பேய்கள் பொய்க் குருதியை அள்ளி அள்ளிக் குடிக்கப் பார்க்கின்றன. கை வெறுங்கையாகவே இருக்கிறது. வித்தை கண்ணை நிறைக்கும், வயிற்றை நிறைக்காது என்ற அந்த ஒரு எல்லையில்தான் காட்சியே நிற்கிறது. உங்கள் ஆத்தாளுக்கு அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியை எல்லையாக வைக்கலாம். சாத்திய கதவையே சாமியாகக் கும்பிட்டுச் சத்தியம் செய்கிற இடம் அது. படுகிறவர் அங்கே சத்தியத்துக்குக் கூப்பிட்டால் ஏவியவர் வருவாரா? கதையின் பின்பாதி தானாக நகரும்.

ஊர் ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று கை காட்டும் கதையென்றால், அவள் பேரில் எத்தனை செண்டு நிலம் இருக்கிறது, அவளுக்குப் பின் அது யாருக்குப் போகும் என்பதைப் பாதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெண்களுக்குச் சூனியக்காரிப் பட்டம் கட்டிக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அவளுக்கு உண்மையிலேயே சக்தி உண்டு என்று கடைசிப் பக்கத்தில் காட்டினால், அடித்தவர்கள் பக்கம் நீங்கள் போய் நிற்கிறீர்கள்.

வாசற்படியைத் தோண்டும் காட்சி வைத்தால், உள்ளே என்ன இருந்தது என்பதை மறைக்காதீர்கள். அது வாசகரை ஏமாற்றுவது. யார் புதைத்தது என்பதை மட்டும் திறந்து விடலாம். எடுக்கிற கூலிக்காக முதல் நாள் ராத்திரியே தகட்டைப் புதைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.