இறந்தவரின் புத்தக அலமாரியைப் பிரிப்பது எப்படி?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒதுக்க ஆரம்பித்ததும் எல்லார் கண்ணும் போவது புத்தக அலமாரி மேல்தான். இடத்தை அடைக்கிறது, தூசு, பூச்சி என்று காரணங்கள் வரிசையாக வரும். அவசரப்படாதீர்கள், பழைய பேப்பர் கடைக்காரர் எங்கும் போய்விட மாட்டார். புத்தகத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அதை ஒருவர் எப்படிப் படித்தார் என்பதற்கான தடயம் அந்த ஒரு பிரதியில்தான் இருக்கிறது. வேலை முழுவதும் அந்தத் தடயத்தைச் சுற்றியே.

எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் நேராக நின்று படம் எடுங்கள். பகல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பான அட்டைகளில் பெயர் மறைந்துவிடும். இரட்டை வரிசையாக அடுக்கியிருந்தால் பின்வரிசைக்குத் தனிப்படம். கட்டிலோரம், பூஜை அலமாரி, டிவிக்குக் கீழே கிடப்பவற்றை விட்டுவிடாதீர்கள். கடைசியாகப் படித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புத்தகத்தை முதுகின் மேல்நுனியில் விரல் மாட்டி இழுக்கக் கூடாது. பழைய பைண்டிங் அங்கேதான் முதலில் கிழியும். இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள்.

பிறகு ஏடு ஏடாகப் புரட்ட வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினால் தையல் விடும், உள்ளே இருப்பது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் போய்விடும். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, அரசிலை, மயிலிறகு, பாதி எழுதிய இன்லண்டு லெட்டர் என்று ஏதாவது கிடைக்கும். ஒரு சீட்டில் புத்தகப் பெயரையும் பக்க எண்ணையும் பென்சிலால் எழுதி, பொருளோடு சேர்த்துக் காகித உறையில் போடுங்கள். பத்திரிகை நறுக்குகளை உள்ளேயே விடாதீர்கள், அமிலம் கலந்த அந்தக் காகிதம் எதிர்ப்பக்கத்தில் பழுப்புத் தடம் பதிக்கும். துருப்பிடித்த ஜெம் கிளிப்பை வெடுக்கென்று உருவினால் தாளும் சேர்ந்து வரும். கிளிப்புக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, கம்பியை மெதுவாக விரித்து எடுக்கவும்.

ஓரக்குறிப்பு உள்ள பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் சேர்த்தே படம் எடுங்கள். மங்கிய பென்சில் கோட்டுக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வேண்டும். பேனா மை உள்ள பக்கத்தில் ஈரத்துணி படவே கூடாது.

பூச்சி விஷயம். அட்டையும் ஏட்டின் மேற்பரப்பும் சுரண்டியது போலிருந்தால் இராமபாணப் பூச்சி. வட்டத் துளை பல ஏடுகளைத் துளைத்துச் சென்றால் வண்டின் புழு. துளைக்குக் கீழே புதிதாகப் பொடி உதிர்ந்திருந்தால் அது உயிரோடு இருக்கிறது. மண்பூச்சு தெரிந்தால் கரையான், புத்தகத்தை விட்டுவிட்டுச் சுவரைக் கவனியுங்கள். புழு உள்ள புத்தகத்தைக் காற்றுப் போகாத பாலிதீன் பையில் இறுக மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் ஏட்டின் மேல் நீர் கோக்கும். புகைப்பட ஆல்பத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது.

பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயப்போடுவது நம் ஊர் வழக்கம், ஆனால் அட்டை வளையும், தாள் இன்னும் பழுக்கும். நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, என்-95 முகக்கவசத்தோடு, வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இழுபடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

ரொம்ப மதிப்புள்ளவையாக நான் நினைப்பது, வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து வீட்டார் பைண்டு செய்துவைத்த தொகுதிகளை. கதை நூலாக வந்திருக்கலாம், அன்றைய ஓவியமும் பின்பக்கத்து விளம்பரமும் துணுக்கும் நூலில் இராது. பைண்டர் ஓரத்தை வெட்டி இறுக்கித் தைத்திருப்பார், ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். 90 டிகிரிக்கு மட்டும் திறந்து, ஒரு பக்க அட்டைக்கு முட்டுக் கொடுத்து, முதலில் வலப்பக்கங்களை எல்லாம் வரிசையாகப் படம் எடுங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்கள். ஸ்கேன் செய்ய முடிந்த தனித்தாள்களுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கையெழுத்துக்கு 400. கூகுள் டிரைவ் வழியாகத் தமிழ் அச்சை எழுத்தாக மாற்றலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றுக்கு வேறு வடிவம் என்பதால் அங்கே அடிக்கடி தடுமாறும், கையால் திருத்த வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. ஆகவே வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் தேவையில்லை. எழுத்து, கோடு, தேதி உள்ளவை ஒரு தட்டு போதும். மற்றதற்குத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு போட்டுப் பட்டியல் எழுதுங்கள். நூலகத்துக்கு முதலில் பட்டியல் போகட்டும், பிறகு மூட்டை. ஊர்க்கிளை நூலகத்துக்கு நல்ல நிலையில் உள்ள நாவல்கள் உதவும். ஆராய்ச்சி நூலகங்கள் தேடுவது, நாம் முதலில் குப்பையில் போடுகிற சிற்றிதழ், கட்சித் துண்டுப் பிரசுரம், சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்ததிலிருந்து 1994-ல் உருவானதுதான்.

இரவல் கணக்கும் பாருங்கள். முதல் பக்கத்தில் வேறு பெயரோ நூலக முத்திரையோ இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூலக உறுப்பினர் அட்டை கிடைத்தால் காப்புத்தொகை திரும்பக் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.